செல்வின் வளர்த்த வாத்துக்குஞ்சு

ஒரு தட்டு காலியாகத் திரும்பி வர வேண்டும் என்பதற்காக மாதா கோயிலில் மெழுகுதிரி நேர்ந்துகொண்டவள் இந்தத் தூத்துக்குடியில் கிளாடிஸ் ஒருத்தியாகத்தான் இருப்பாள். மற்றவர்கள் பிள்ளை வரம் கேட்பார்கள், வீடு கட்ட வேண்டும் என்பார்கள், படகு பத்திரமாகக் கரை சேர வேண்டும் என்பார்கள். இவளுக்கு அதெல்லாம் எதற்கு? காலையில் புருஷனின் கட்டிலுக்குப் பக்கத்தில் இவள் மூடி வைத்துவிட்டுப் போகிற சோற்றை, சாயங்காலம் இறால் கம்பெனியிலிருந்து திரும்புவதற்குள் அந்த மனுஷன் தின்றிருக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

புருஷன் செல்வின் சங்கு குளிக்கிறவன். கம்ப்ரஷர் குழாயை வாயில் கடித்துக்கொண்டு கடலடிக்குப் போய், மணலைத் துழாவிச் சங்கு பொறுக்கி வருகிற வேலை. திரேஸ்புரம் கடற்கரையில் அவனைப் போல மூச்சுப் பிடிக்க ஆள் இல்லை என்று பேச்சு. ஒருநாள் அவன் அடியில் இருக்கும்போது மேலே படகில் கம்ப்ரஷர் நின்றுவிட்டது. மூச்சு முட்டியதும் ஒரே எத்தாக எத்தி மேலே வந்துவிட்டான். அப்படி வரக் கூடாது, ஆற அமர நின்று நின்றுதான் வர வேண்டும், இல்லாவிட்டால் கை கால் முடங்கிப்போகும் என்பது அவனுக்குத் தெரியாதா? தெரியும். உயிர் போகிற நேரத்தில் யாருக்கு என்ன தெரியும்! படகில் ஏறி உட்கார்ந்து, கூட வந்தவர்களிடம் சிரித்துப் பேசி, ஒரு டீ கேட்டான். டீயை வாங்கக் கை நீண்டது. எழுந்திருக்கக் கால் வரவில்லை.

இடுப்புக்குக் கீழே போனது போனதுதான். ஆஸ்பத்திரியில், விடாமல் பிசியோதெரபிக்குக் கூட்டிக்கொண்டு வாங்க, கம்பு ஊன்றியாவது நடந்துவிடலாம் என்றார்கள். ஒன்றிரண்டு தடவை போனான். அங்கே இரண்டு கம்பிகளுக்கு நடுவே நிறுத்தியபோது நாலு பேர் பார்க்கக் குப்புற விழுந்தான். அடுத்த தடவை ஆட்டோ வாசலில் வந்து நின்றபோது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அதற்கப்புறம் படகுச் சத்தமே காதில் விழக் கூடாது என்று பிடிவாதம். அதற்காகத்தான் திரேஸ்புரத்தை விட்டு முத்தையாபுரத்தில் இந்த ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்தாள். மகள் அனிஷா நாகர்கோவிலில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். போன் பண்ணினால், "அப்பா சாப்பிட்டாவளாம்மா?" என்பதுதான் முதல் கேள்வி. "ம், சாப்பிட்டாவ" என்பதுதான் கிளாடிஸ் சொல்லுகிற முதல் பொய்.

என்ன சாப்பாடு! ராத்திரி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கெஞ்சி, சண்டை பிடித்து, நாலு வாய் கஞ்சியை உள்ளே தள்ளுவாள். பகல் சோறு வைத்தது வைத்தபடி ஈ மொய்த்துக் கிடக்கும். கை நன்றாகத்தான் இருக்கிறது, வாய் நன்றாகத்தான் இருக்கிறது. மனசு இல்லை. மெலிந்து மெலிந்து நெஞ்செலும்பு தெரிய ஆரம்பித்துவிட்டது. இந்த மனுஷன் தன்னைத்தானே கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றுகொண்டிருக்கிறான் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். வெளியே சொன்னால் அது உண்மையாகிவிடுமோ என்று யாரிடமும் சொல்லவில்லை.

இந்த லட்சணத்தில்தான் அவள் வளர்த்த கோழி அடைக்குப் படுத்தது. பக்கத்துத் தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற செண்பகம், தூத்துக்குடிக்கு அடுத்த புதுக்கோட்டையில் தன் அக்கா வீட்டிலிருந்து வாத்து முட்டை கொண்டுவந்து கொடுத்தாள். "கோழிக்குக் கணக்குத் தெரியவா போகுது? வச்சுப் பாருளா" என்றாள். கோழிக்குக் கணக்குத் தெரியவில்லைதான். ஆனால் பொறுமையும் இல்லை. முட்டைகள் கூமுட்டையாய்ப் போயின. ஒன்றே ஒன்று மட்டும், கோழி சலித்துப்போய் எழுந்து போன பிறகு, தானாக ஓட்டை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது.

வந்ததும் வந்தது, கால் இரண்டும் அகட்டி விரிந்து, வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு கிடந்தது. தலையைத் தூக்கும், பொத்தென்று போடும். கோழி வந்து பார்த்து, தலையில் ஒரு கொத்துக் கொத்திவிட்டுப் போயிற்று. கிளாடிஸுக்குக் கம்பெனிக்கு நேரமாகிவிட்டது. "இது தேறாது. கால் விளங்கலை. வேப்பமூட்டுல போட்டிருதேன், காக்கா தூக்கிட்டுப் போகட்டும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு குஞ்சை முறத்தில் எடுத்தாள்.

"ஏளா."

கட்டிலிலிருந்து வந்த குரலைக் கேட்டு அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கட்டிலிலிருந்து தானாக ஒரு சொல் வந்து எத்தனை காலம்!

"கால் விளங்கலைன்னா எறிஞ்சிருவியோ? அதை இங்கன கொண்டா."

சுருக்கென்று தைத்தது அவளுக்கு. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. குஞ்சைக் கொண்டுபோய் அவன் நெஞ்சின் மேல் வைத்தாள். அவன் இரண்டு கையையும் குவித்து அதை மூடிக்கொண்டான். அது உள்ளே கிடந்து கீச்சென்றது. அன்றைக்கு அவள் கம்பெனிக்குப் பிந்திப் போய்த் திட்டு வாங்கினாள். திட்டு காதிலேயே ஏறவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததைப் பார்த்தால் சிரிப்பும் வரும், அழுகையும் வரும். தலைமாட்டில் ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டி. அதற்குள் அவனுடைய பழைய பனியன். மேலே சூட்டுக்கு ஒரு குண்டு பல்பு. நொய்க் குருணையை வேகவைத்து, முட்டை மஞ்சள்கரு பிசைந்து ஊட்ட வேண்டும். காலையில் பிளாஸ்டிக் பேசினில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் கொண்டுவந்து அவன் மடியில் வைக்க வேண்டும். செல்வின் குஞ்சின் வயிற்றுக்கடியில் உள்ளங்கையைக் கொடுத்து அதை மிதக்க விடுவான். தரையில் விளங்காத கால் தண்ணீரில் விளங்கியது! இந்தப் பக்கம் ஒரு உதை, அந்தப் பக்கம் ஒரு உதை.

"எத்துல, எத்து. ஏலே, இடது காலையும் எத்து" என்று அவன் அதனோடு மல்லுக்கட்டுவான். கிளாடிஸ் குசினிக்குள் நின்று, அடுப்பில் குழம்பு தீய்வது தெரியாமல் அதையே கேட்டுக்கொண்டிருப்பாள்.

செண்பகம் வந்து பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, பிள்ளைக்குப் பேரு வச்சாச்சா? ஞானஸ்நானத்துக்கு எங்களுக்கெல்லாம் பிரியாணி உண்டா?" என்று கேலி பண்ணினாள். செல்வின் சிரித்தான். பல் தெரியவே சிரித்தான். கிளாடிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அன்றைக்குத்தான் அவன் சொன்னான். "இது மட்டும் எந்திரிச்சு நடந்துட்டுன்னா, நானும் அந்தக் கம்பியப் பிடிச்சு நிக்க வாரேன். ஆட்டோவுக்குச் சொல்லு."

"சத்தியமா?"

"சத்தியமாளா."

அதற்கு மறுநாள் சாயங்காலம் அவள் வந்து பார்த்தபோது தட்டு காலி. வழித்துத் துடைத்த மாதிரி காலி. நம்ப மாட்டாமல் தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். ஒரு பருக்கை இல்லை. பொரித்து வைத்திருந்த நெத்திலிக் கருவாட்டில் ஒரு தலை கூட இல்லை. "சாப்பிட்டீயளா?" என்று கேட்டாள். "ம்" என்றான். அதற்கு மறுநாளும் காலி. அதற்கு மறுநாளும். அவள் காலையில் கூடக் கொஞ்சம் சோறு வைத்தாள், கூடக் கொஞ்சம் கருவாடு பொரித்தாள். அதுவும் காலி. மாதாவே, மாதாவே என்று வாய் தானாக முணுமுணுத்தது. ராத்திரி மட்டும் ஏன் இன்னும் நாலு வாய்க்கு மேல் இறங்கவில்லை என்று ஒரு சந்தேகம் தட்டாமல் இல்லை. பகலில் வயிறு நிறையத் தின்றவனுக்கு ராத்திரி எப்படிப் பசிக்கும் என்று அதற்கும் அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அனிஷா போன் பண்ணியபோது, "அப்பா சாப்பிட்டாவ. நெசமாவே சாப்பிட்டாவ" என்றாள். அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை.

குஞ்சும் நின்றது. ஒருநாள் காலையில் பெட்டிக்குள் தள்ளாடித் தள்ளாடி, இரண்டு காலும் ஊன்றி நின்றது. செல்வின், "கிளாடிஸ்! கிளாடிஸ்!" என்று தெருவே கேட்கக் கத்தினான். அவள் ஆட்டோக்காரருக்குப் போன் பண்ணி வியாழக்கிழமை வரச் சொன்னாள்.

யார் கண் பட்டதோ தெரியவில்லை. நின்ற குஞ்சு மறுபடி படுத்துக்கொண்டது. படுத்தது மட்டுமல்ல, தண்ணீர் தண்ணீர் என்று பறந்தது. கிண்ணத்துக்குள் மூக்கை விட்டால் எடுப்பதில்லை. குடித்துக் குடித்து வயிறு ஊதி, பின்னால் வெறும் தண்ணீராகவே போனது. பனியன் நனைந்து நாறியது. கிளாடிஸ் பிள்ளை பெற்று வளர்த்தவள். வயிற்றால் போனால் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொதித்து ஆறிய தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் போட்டுக் கலக்கி, மருந்து ஊட்டுகிற பில்லரால் சொட்டுச் சொட்டாக வாயில் விட்டாள். அது ஆசையாகக் குடித்தது. பாவம், தாகம் போல என்று இன்னும் கொஞ்சம் விட்டாள். வேலைக்குப் போகும்போது, "இதைக் குடுத்துக்கிட்டே இருங்க" என்று கிண்ணத்தை அவன் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை காலையில் குஞ்சு கழுத்தை முறுக்கிக்கொண்டு கிடந்தது. கால் வெடுக் வெடுக்கென்று இழுத்தது. செல்வின் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏலே, ஏலே" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"டாக்டர்ட்ட கொண்டுபோளா. என்னைய விடு. இதைக் கொண்டுபோ."

அவள் ஆட்டோவை அனுப்பிவிட்டாள். கம்பெனிக்கு லீவு சொன்னாள். எப்போதும் போலச் சோறு பொங்கி, கருவாடு பொரித்து அவன் பக்கத்தில் மூடி வைத்தாள். "வெறும் வயித்தோட இருக்காதீய, தின்னுருங்க" என்று சொல்லிவிட்டு, செண்பகத்தின் ஸ்கூட்டியில் பின்னால் ஏறி, மடியில் அட்டைப்பெட்டியை வைத்துக்கொண்டு புதுக்கோட்டைக்குப் போனாள். அங்கே ஆடு மாடு கோழிக்கெல்லாம் பார்க்கிற டாக்டரம்மா ஒருத்தர் இருப்பதாகச் செண்பகத்தின் அக்கா சொல்லியிருந்தாள். உப்பு லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. அவள் பெட்டியின் மேல் முந்தானையைப் போர்த்திக்கொண்டாள். ஒரு வாத்துக்குஞ்சுக்காக இத்தனை பாடா என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றலாம். அந்தப் பெட்டிக்குள் அவள் கொண்டுபோனது வாத்துக்குஞ்சை மட்டுமா?

டாக்டரம்மா கையில் எடுத்தபோது அதற்கு உயிர் இருந்தது. மேசையில் வைத்து, ஊசி மருந்தை எடுப்பதற்குள் போய்விட்டது. கால் ஒருமுறை விரிந்து நீண்டது, அவ்வளவுதான். தண்ணீரில் எத்துவது போலவே எத்திவிட்டு அடங்கியது.

"என்னம்மா தீனி கொடுத்தீங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"குருணையும் மஞ்சக்கருவும்தான்மா. வேற ஒண்ணும் இல்ல."

டாக்டரம்மா குஞ்சின் வாயைப் பிளந்து முகர்ந்து பார்த்தார். இடுக்கியை விட்டுத் தொண்டையிலிருந்து எதையோ எடுத்துக் காகிதத்தில் வைத்தார். மென்று, கூழாக்கி, உருட்டிய ஒரு சின்ன உருண்டை. கருவாட்டு வாசம் குப்பென்று வந்தது.

"இது என்ன?"

கிளாடிஸ் பார்த்துக்கொண்டே நின்றாள். நெத்திலியின் வெள்ளித் தோல் அதில் மினுங்கியது. காலையில் அவள் பொரித்து வைப்பதுதான். யார் மென்றது, யார் உருட்டியது என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"குஞ்சுக்கு உப்பு ஆகவே ஆகாதும்மா. விஷம் மாதிரி. தாங்காம தண்ணிய குடிச்சுக் குடிச்சு, இப்படித்தான் இழுத்துப் போயிரும். வேற ஏதும் உப்புப் போட்டுக் கொடுத்தீங்களா?"

"வயித்தால போச்சேன்னு... உப்பு சர்க்கரைத் தண்ணி..." என்று கிளாடிஸ் இழுத்தாள். டாக்டரம்மா கையைக் கழுவப் போய்விட்டார்.

திரும்பி வரும் வழியில் அவள் வாத்துக்குஞ்சை நினைக்கவே இல்லை. காலியான தட்டுகளைத்தான் நினைத்தாள். ஒவ்வொரு தட்டாக நினைவுக்கு வந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த முதல் தட்டு. கூடக் கொஞ்சம் சோறு வைத்த தட்டு. கருவாடு குஞ்சுக்குப் போனது என்றால், அவ்வளவு சோறு எங்கே போனது? அவன் தின்னவே இல்லை. ஒரு நாளும் தின்னவில்லை. அவள் மாதாவுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் அந்த மனுஷன் பட்டினி கிடந்திருக்கிறான்.

செண்பகம் கடைக்குப் பின்னால் குஞ்சைப் புதைக்க வாங்கிக்கொண்டாள். "ஏளா, நான் சொல்லுததைக் கேளு. செத்துட்டுன்னு சொல்லாத. டாக்டரம்மா ரெண்டு நாள் வச்சுப் பாக்கேன்னுட்டாவன்னு சொல்லு. கருவாட்டுப் பேச்சையே எடுக்காத. அந்த மனுஷன் தாங்க மாட்டாரு."

"சொல்ல மாட்டேன்க்கா" என்றாள் கிளாடிஸ். சொல்லக் கூடாது என்று மனதார முடிவு செய்துகொண்டுதான் வீட்டுக்குள் நுழைந்தாள். அதில் பொய்யில்லை.

செல்வின் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மடியில் தட்டு. கட்டிலுக்கடியில் கோழி நின்று, சாவகாசமாகச் சோற்றைக் கொத்திக்கொண்டிருந்தது. காலையில் அத்தனை அவசரத்திலும் அவள் பொங்கி வைத்துவிட்டுப் போன சோறு. தட்டின் ஓரத்தில், முள் எடுத்து மென்று உருட்டிய கருவாட்டு உருண்டைகள் வரிசையாக இருந்தன. ஒன்றை அவன் அப்போதுதான் வாயிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தான்.

"ஏளா, எங்க அது? ஊசி போட்டாவளா? பசியோட வந்திருக்கும்."

வாய்க்குள் போன சாப்பாட்டை வெளியே எடுத்து வைக்கிறான்! விழுங்குவதற்கு என்ன கேடு? எங்கிருந்துதான் வந்ததோ அவளுக்கு அந்த ஆங்காரம்.

"ஒரு வாய் தின்னீயளா? இத்தனை நாளா, சொல்லுங்க, ஒரு வாய் நீங்க தின்னீயளா?"

அவன் பேந்தப் பேந்த விழித்தான். "நான் தின்னு என்ன செய்ய? அதுவாவது தின்னு எந்திரிக்கட்டும்னுதான். வாத்துக்கு மீனுன்னா உசிருல்லா. குருணைய மட்டும் தின்னா காலுல எப்படிப் பெலன் ஏறும்?"

"ஏறுச்சே பெலன்! செத்துப்போச்சு. ஒங்க கருவாடுதான் கொன்னுது. உப்பு அதுக்கு விஷமாம். தொண்டையில இருந்து எடுத்துக் காட்டினாவ."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பதே அவளுக்கு உறைத்தது. அள்ள முடியாது, கொட்டியாகிவிட்டது. தான் கரைத்துக் கொடுத்த உப்புத் தண்ணீரைப் பற்றி வாயே திறக்கவில்லை என்பதும் உறைத்தது. அதைச் சொல்லியிருக்க வேண்டும். அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லலாம் என்று வாயெடுத்தாள்.

செல்வின் தன் விரல்களைப் பார்த்தான். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் கருவாட்டு எண்ணெய் பளபளத்தது.

"உப்பா?" என்றான்.

அவள் கோழியைக் காலால் விரட்டினாள்.

"உப்புன்னா செத்துப்போகுமா?"

அப்புறம் ஒரு உருண்டையை எடுத்து வாயில் போட்டான். மென்றான். விழுங்கினான். தொண்டை ஏறி இறங்குவதை அவள் பார்த்தாள். ஒரு கணம், பாழாய்ப்போன அந்த ஒரு கணம், அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இந்த மனுஷன் தின்கிறான், தன் கையால் எடுத்துத் தின்கிறான் என்றுதான் புத்தி போயிற்று. இன்னொரு உருண்டை. இன்னொன்று. மிச்சம் கிடந்த முழுக் கருவாட்டையும் சேர்த்து அள்ளி வாயில் திணித்தான். கண்ணில் தண்ணீர் கொட்டியது. முள் குத்தியும் நிறுத்தவில்லை.

"அடுப்படியில இன்னும் இருக்கா?" என்றான், வாய் நிறைய வைத்துக்கொண்டு. "அந்தக் கருவாட்டு டப்பாவ எடுத்துட்டு வா. உப்பு ஜாடியையும் கொண்டா."

அவள் பாய்ந்து தட்டைப் பிடித்தாள். "வேண்டாம், தின்னாதீய. வேண்டாங்க. நானும்தான் குடுத்தேன், நானும்தான் உப்புத் தண்ணி கரைச்சுக் குடுத்தேன். நீங்க மட்டும் இல்ல" என்று கத்தினாள். அவன் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை.

"விடுளா" என்றான். "பசிக்குது."

தின்னுங்க தின்னுங்க என்று மாசக்கணக்காகக் கெஞ்சிக்கொண்டிருந்தவள், இப்போது தட்டை அவனிடமிருந்து பிடுங்குவதற்காக இரண்டு கையாலும் இழுத்தாள். முடியவில்லை. கையில் மட்டும் அவனுக்குப் பழைய பலம் அப்படியே இருந்தது.